ஆபீசுக்குத் திரும்பச் சொல்கிறார்கள்: கேமரா, ஆப், சென்சார் எல்லாம் வாங்கச் சொல்லி வெண்டர் நிற்கிறார். எதற்குக் காசு போடலாம்?

மூன்றாம்மாடி

வணக்கம் மக்களே. இத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களை வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நான் ஐடியும் அட்மினும் கலந்த வேலையில் இருக்கிறேன், அதாவது பிரிண்டர் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பாத்ரூமில் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "எல்லோரும் பாதுகாப்பாகத் திரும்பி வர என்ன டெக்னாலஜி வேண்டுமோ பட்டியல் போடு" என்று மேலிடத்து உத்தரவு.

ஒரு வெண்டர் வந்து முழு பேக்கேஜ் காட்டினார். வாசலில் உடல் சூடு பார்க்கும் கேமரா, முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு, சீட் புக் பண்ணும் ஆப், மேஜைக்கு அடியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார், யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று குறித்துவைக்கும் ப்ளூடூத் பட்டை, எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்ட ஒரு டாஷ்போர்டு. டெமோவில் எல்லாம் பச்சை. டெமோவில் என்றைக்கு சிவப்பு வந்திருக்கிறது!

ஃபைனான்ஸில் கேட்கிறார்கள்: கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார அமைப்பே 2023 மே 5-ல் அறிவித்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தச் செலவு? டீமில் சிலர் எதிர்ப்பக்கம்: வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், ஆபீசில் ஒருவர் தும்மினால் அடுத்த வாரம் பாதி டீம் லீவு, ஏதாவது செய்யுங்கள் என்கிறார்கள். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காற்றுவழி

ஏசி, வென்டிலேஷன் வேலையில் இருப்பவன், அதனால் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

வாசலை விடுங்கள், உள்ளே இருக்கும் காற்றைப் பாருங்கள். 2020 மார்ச்சில் சியோலில் ஒரு கால் சென்டரில் நடந்ததை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். 11-வது மாடியில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. அதிலும் பெரும்பாலானவர்கள் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து நாள் முழுக்க போனில் பேசியவர்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மற்ற மாடிக்காரர்களும் அதே லாபி வழியாகத்தான் வந்தார்கள், அதே லிஃப்டில்தான் ஏறினார்கள், அவர்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தொற்று. லிஃப்டில் ஒரு நிமிடம் பக்கத்தில் நிற்பதைவிட, அடைத்த ஹாலில் மணிக்கணக்கில் ஒரே காற்றை மாற்றி மாற்றிச் சுவாசிப்பதுதான் ஆளைச் சாய்த்தது.

இது கொரோனாவுக்கு மட்டும் சொல்வதில்லை. ஃப்ளூ, அம்மை, காசநோய் என்று காற்றில் பரவுகிற எதற்கும் பொருந்தும். ஃபைனான்ஸுக்கு இதைச் சொல்லுங்கள், அவசரநிலை முடிந்ததால் மூச்சு விடுவது நின்றுவிடவில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம், சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்து அங்கேயே திரும்ப விடும். குளுகுளுவென்று இருப்பதால் காற்று நன்றாக இருக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். சென்ட்ரல் ஏசியில் வெளிக்காற்றுக்கு என்று ஒரு டேம்பர், அதாவது திறந்து மூடும் தகடு இருக்கும், ஆனால் கரண்ட் பில்லைக் குறைக்க யாரோ எப்போதோ அதை மூடி வைத்திருப்பார்கள். உங்கள் பட்டியலில் முதல் வரி: மெயின்டனன்ஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு ஏஎச்யூ ரூமுக்குப் போய் அந்த டேம்பர் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது (ஏஎச்யூ என்றால் மாடி முழுவதற்கும் காற்றைக் குளிரவைத்து அனுப்பும் பெரிய மெஷின்). இதற்கு ஆப் தேவையில்லை.

டெக்னாலஜிதான் வேண்டும் என்றால் கார்பன் டை ஆக்சைடு (சிஓ2) மீட்டர் வாங்குங்கள். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. ஆகவே அறையில் அந்த எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சைத்தான் நீங்கள் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். 800-க்குள் நின்றால் நான் நிம்மதியாக உட்காருவேன். 1000 தாண்டினால் கதவைத் திற என்பேன். 1500 என்றால் அந்த அறையில் அத்தனை பேருக்கு இடமில்லை.

சந்தேகப்பிராணி

சூடு பார்க்கும் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது தோலின் சூட்டைத்தான் பார்க்கிறது, உடம்புக்குள் இருக்கும் சூட்டை இல்லை. வெயிலில் நடந்து வந்தவர் சிவப்பு, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் பச்சை. இதற்கு மேல் தொற்று இருந்தும் காய்ச்சலே வராதவர்கள் எத்தனை பேர்.

கணக்குப்பிள்ளை

@சந்தேகப்பிராணி அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான், ஆனாலும் வாசலில் ஒன்று இருந்தால் உடம்பு சரியில்லாதவன் வர யோசிப்பான் இல்லையா? முழுசாகப் பிடிக்காவிட்டாலும் ஒரு பயம் இருக்குமே.

சந்தேகப்பிராணி

பயத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு வருவான், தம்பி. உடம்பு சரியில்லாதவன் வராமல் இருக்க வேண்டுமென்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுக்க வேண்டும். அல்லது அன்றைக்கு வீட்டிலிருந்தே பார் என்று மேனேஜர் முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கேமராவின் விலையை லீவு நாளாக மாற்றிப் பாருங்கள் ஒருமுறை.

ஹெச்ஆர்_பக்கம்

எங்களைத் திட்டப்போகிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சீட் புக்கிங் ஆப்புக்காக வாதாட வந்திருக்கிறேன்.

இதை எல்லோரும் கூட்டத்தைக் குறைக்கும் கருவியாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. முன்பு எல்லோரும் தினமும் வந்தபோது தீ விபத்து நேரத்தில் ஆட்களை வெளியேற்றும் பொறுப்பாளர், முதலுதவி தெரிந்தவர் என்று ஒவ்வொரு மாடிக்கும் பெயர் எழுதி சுவரில் ஒட்டியிருப்போம். இப்போது மூன்று நாள் முறை வந்தபின் அந்தப் பட்டியல் செல்லாக்காசு. புதன்கிழமை முதலுதவி தெரிந்த நான்கு பேரும் ஆபீசில் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஒருவர்கூட இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. புக்கிங் ஆப்பில் அந்த ஆட்களுக்கு ஒரு குறி போட்டுவிட்டால், எந்த நாளில் யாரும் இல்லை என்று முந்தின நாளே காட்டிவிடும். அலாரம் அடித்தால் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலும் கையில் இருக்கும். வைரஸை விடுங்கள், இதற்காகவே நான் ஆப்புக்கு ஓட்டுப் போடுவேன்.

ஆனால் புக் பண்ணிவிட்டு வராதவர்களும், புக் பண்ணாமல் வந்து உட்காருபவர்களும் இருப்பார்கள். அதனால் மேஜையில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டி, வந்து உட்கார்ந்ததும் ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் ஸ்கேன் ஆகாவிட்டால் சீட் தானாக விடுபட்டுவிடும். வெறும் புக்கிங்கை நம்பித் தீ விபத்துப் பட்டியல் எடுத்தால், வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரைப் புகைக்குள் தேடுவோம்.

நெட்வொர்க்_ஆள்

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் மூக்கையும் வாயையும் பற்றியே பேசுகிறீர்கள். லேப்டாப்புகள் என்ன ஆயின?

மாதக்கணக்கில் வீட்டு வைஃபையில் இருந்த மெஷின்கள். விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான வழி) போட்டால்தான் அப்டேட் இறங்கும் என்று செட் செய்திருப்பார்கள், ஆள் விபிஎன் போடாமல் பிரவுசரிலேயே வேலையை முடித்திருப்பார். வீட்டில் குழந்தை அதில் கேம் இறக்கியிருக்கும். அந்த மெஷினை ஒரே நாள் காலையில் எல்லோரும் கொண்டுவந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் சொருகுவார்கள். நான் என்றால் முதலில் எல்லா லேப்டாப்பையும் தனி நெட்வொர்க்கில்தான் விடுவேன். அங்கிருந்து இன்டர்நெட்டும் அப்டேட் சர்வரும் மட்டும்தான் தெரியும். பேட்ச் போட்டு, ஆன்டிவைரஸ் ஓடி, டிஸ்க் என்க்ரிப்ஷன் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் உள்ளே. அப்புறம் வைஃபை சர்டிஃபிகேட் காலாவதி ஆகியிருக்கும், பாஸ்வேர்டு மறந்திருப்பார்கள், ஹெல்ப்டெஸ்க் முதல் நாள் தீபாவளிக் கூட்டம் மாதிரி இருக்கும். முதல் வாரத்தில் எல்லோரையும் சேர்த்து அழைக்காமல் டீம் டீமாகப் பிரித்து வரச் சொன்னால் ஹெல்ப்டெஸ்கும் பிழைக்கும், காற்றுவழி சார் சொன்ன பிபிஎம்மும் குறையும்.

இன்னொன்று, @மூன்றாம்மாடி, அந்த வெண்டர் தரும் கேமராவும் சென்சாரும் எல்லாமே நெட்வொர்க்கில் சேரும் பொருள்கள். டீஃபால்ட் பாஸ்வேர்டுடன் அப்படியே மாட்டிவிட்டுப் போவார்கள். அவற்றுக்கும் தனி நெட்வொர்க் வேண்டும், ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

இரவுஷிப்ட்

@காற்றுவழி சார், எங்கள் ஆபீசில் போன வருடமே சிஓ2 மீட்டர் மாட்டினார்கள். முதலில் 900, 1000 என்று காட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஆள் நிறைய இருந்தாலும் 600-க்கு மேல் போவதில்லை. ஏசியில் எதுவும் மாற்றவில்லை. எங்களுடையது 24 மணி நேரமும் ஓடும் ஆபீஸ். காற்று தானாக நல்லதாகிவிட்டதா? :-)

காற்றுவழி

நல்ல கேள்வி, இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

பெரும்பாலான மீட்டர்களில் தானாகவே அளவைச் சரிசெய்துகொள்ளும் வசதி ஒன்று இருக்கும். கடந்த சில நாட்களில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை அது "இதுதான் வெளிக்காற்று, 400" என்று எடுத்துக்கொள்ளும். இரவில் பூட்டிப்போகிற ஆபீசில் விடியற்காலைக்குள் அறை உண்மையிலேயே வெளிக்காற்று அளவுக்கு இறங்கிவிடும், அங்கே இந்தக் கணக்கு சரியாக வரும். உங்கள் ஆபீஸ் காலியாவதே இல்லை. அங்கே மிகக் குறைந்ததே 700 என்று வைத்துக்கொள்ளுங்கள், மீட்டர் அதை 400 என்று நினைத்துக்கொண்டு எல்லா எண்ணையும் கீழே இழுத்துவிடும். செட்டிங்கில் போய் அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, மீட்டரை வெளியே திறந்த இடத்தில் இருபது முப்பது நிமிடம் வைத்து, நீங்களே கேலிப்ரேட் செய்யுங்கள். அப்புறம் உள்ளே கொண்டுவந்து பாருங்கள், உண்மையான எண் தெரியும்.

வாங்கும்போது இன்னொரு கவனம். என்டிஐஆர் வகை சென்சார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது அகச்சிவப்பு ஒளியை வைத்து உண்மையில் சிஓ2-வையே அளக்கிறது. மலிவாக வருவதில் சில, காற்றில் இருக்கும் வேறு வாயுக்களை முகர்ந்துவிட்டு சிஓ2 இவ்வளவு இருக்கலாம் என்று யூகித்துக் காட்டும். பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்தால் எண் எகிறும். அப்படி எகிறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டரை மட்டுமே நம்பவும் கூடாது. நல்ல ஃபில்டர் போட்டால் வைரஸ் துகள் குறையும், சிஓ2 குறையாது, ஏனென்றால் ஃபில்டர் வாயுவைப் பிடிக்காது. ஆகவே ஹெப்பா ஃபில்டர் ஓடும் அறையில் 1100 என்று காட்டினாலும் அது ஃபில்டர் இல்லாத அறையின் 1100 அளவுக்கு மோசமில்லை. ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும், அதுதான் கணக்கு. சென்ட்ரல் ஏசி என்றால் ஏஎச்யூவில் மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் என்பது ஃபில்டரின் தர அளவு) போட முடியுமா என்று கேளுங்கள், மோட்டார் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2023 மே மாதம் கொடுத்த வழிகாட்டுதலில் மணிக்கு 5 முறையாவது அறைக்காற்று மாறும் அளவுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று சொன்னார்கள். வெளிக்காற்று, ஃபில்டர் இரண்டையும் கூட்டி அந்த 5-ஐ எட்டினால் போதும்.

அயனி விடும் மெஷின், சுவரில் தெளிக்கும் பூச்சு என்று வருகிற எதையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பின்வரிசை

ப்ளூடூத் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் பழைய ஆபீசில் கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரோடு நான் நாள் முழுக்க "நெருங்கிய தொடர்பில்" இருந்ததாக வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசியவர் பட்டியலிலேயே இல்லை, அவர் பட்டையைக் கழற்றி பேண்ட் பின்பாக்கெட்டில் வைத்திருந்தார்.

நெட்வொர்க்_ஆள்

அதேதான். ப்ளூடூத் தூரத்தை அளப்பதில்லை, சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்து ஊகிக்கிறது. கண்ணாடி வழியாகச் சிக்னல் போய்விடும், மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால் அது தடுத்துவிடும். காற்று போகாத இடத்தில் சிக்னல் போகிறது, காற்று போகும் இடத்தில் சிக்னல் போவதில்லை.

கொரோனா தொற்றியவர் பக்கத்தில் இருந்தோமா என்று அறிய ஆப்பிளும் கூகுளும் 2020 ஏப்ரலில் சேர்ந்து அறிவித்த முறையாவது கொஞ்சம் யோசித்துச் செய்தது. அடிக்கடி மாறும் எண்களை போன்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டன, எங்கே இருந்தீர்கள் என்ற விவரமே அதில் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதும் உங்கள் போனிலேயே நடந்தது. வெண்டர் பட்டை அப்படியா? யார் யாரோடு எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பது பெயரோடு கம்பெனி சர்வருக்குப் போகும். ராஜினாமா யோசனையில் இருக்கும் இரண்டு பேர் அடிக்கடி டீ குடிக்கப் போவதும் அதில் தெரியும்.

கணக்குப்பிள்ளை

அதில் என்ன தப்பு என்று கேட்பேன், கோபப்படாதீர்கள். கம்பெனி இடம், கம்பெனி நேரம். எத்தனை மேஜை காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மாடியை விட்டுவிடலாம், வாடகை மிச்சம். சென்சார் போட்டால் பாதுகாப்புக்கும் ஆச்சு, செலவைக் குறைக்கவும் ஆச்சு.

சந்தேகப்பிராணி

அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஆபீசில் மேஜைக்கு அடியில் இப்படித்தான் சென்சார் மாட்டினார்கள். காலையில் வந்த நிருபர்கள் டப்பாவைப் பார்த்து, அதில் இருந்த பெயரை இணையத்தில் தேடி, என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கே கழற்றவேண்டியதாயிற்று. மின்சாரம், இட வசதி என்றெல்லாம் காரணம் சொன்னார்கள், யார் நம்பினார்கள்?

இன்னும் மோசம் ஹெச்&எம் என்ற துணிக்கடை நிறுவனம். ஜெர்மனியில் நியூரம்பர்க்கில் இருக்கும் அவர்களுடைய சேவை மையத்தில், லீவு முடிந்தோ உடம்பு சரியாகியோ திரும்பி வருகிறவர்களோடு டீம் லீடர் உட்கார்ந்து "வாங்க வாங்க" என்று பேசுவார். என்ன நோய், என்ன அறிகுறி, வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டு அதைக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டார்கள். 2019-ல் ஒரு செட்டிங் கோளாறில் அந்தக் கோப்புகள் சில மணி நேரம் கம்பெனி முழுக்கத் திறந்து கிடந்தன. 2020 அக்டோபரில் 3.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதம். அக்கறையாகப் பேசி வாங்கிய விவரம்தான் அது, மிரட்டி வாங்கியது இல்லை.

ஆகவே பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்குகிற தகவலை வாடகைக் கணக்குக்கும், யார் எத்தனை மணிக்கு வந்தான் என்பதற்கும் பயன்படுத்த ஆரம்பித்தால், அடுத்த நாளிலிருந்து ஆட்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாமல் டிமிக்கி கொடுப்பார்கள். அப்புறம் ஹெச்ஆர் மேடம் சொன்ன தீ விபத்துப் பட்டியலும் பொய்யாகிவிடும்.

ஹெச்ஆர்_பக்கம்

இதை ஒத்துக்கொள்கிறேன். செக்இன் தகவல் இத்தனை நாளில் அழியும், மேனேஜர்களுக்குத் தனி ஆள் விவரம் தெரியாது, மதிப்பீட்டுக்குப் பயன்படாது, இந்த மூன்றையும் எழுத்தில் போட்டு எல்லோருக்கும் அனுப்பாமல் நான் எந்த ஆப்பையும் திறக்க விடமாட்டேன். மாடிக்கு எத்தனை பேர் என்ற மொத்த எண்ணே இடக் கணக்குக்குப் போதும், கணக்குப்பிள்ளை சார். கதவில் உள்ளே போனவர், வெளியே வந்தவர் எண்ணிக்கை எடுக்கும் சென்சார் இருக்கிறது, அதற்கு யாருடைய பெயரும் வேண்டாம்.

மருந்துப்பெட்டி

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து வாழ்நாள் முழுக்க. எனக்கு ஒரு சாதாரணச் சளியே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

எனக்கு என்ன உதவும் என்று யாராவது கேட்டால், அந்த டாஷ்போர்டை மேனேஜருக்கு மட்டும் காட்டாமல் எல்லோருக்கும் காட்டுங்கள் என்பேன். எந்த மீட்டிங் ரூமில் இப்போது எத்தனை பிபிஎம், எந்த மாடியில் எத்தனை பேர், இது என் போனில் தெரிந்தால் எங்கே உட்காருவது என்று நானே பார்த்துக்கொள்வேன். யாரிடமும் போய் என் உடல்நிலையை விளக்கிக் கெஞ்ச வேண்டியதில்லை. இப்போது நிலைமை என்ன, ஒரு விதிவிலக்கு கேட்க மூன்று பேருக்கு என் மருத்துவ அறிக்கையைக் காட்ட வேண்டும்.

அப்புறம் மீட்டிங் ரூமில் நல்ல மைக், நல்ல கேமரா. நான் அன்றைக்கு வீட்டிலிருந்து சேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது, அதனாலேயே பலர் உடம்பு முடியாமலும் நேரில் வந்துவிடுகிறார்கள். இதையும் பாதுகாப்புப் பட்டியலில் சேருங்கள்.

காற்றுவழி

@மருந்துப்பெட்டி தோழி சொன்னதை நூறு சதம் ஆமோதிக்கிறேன். எண் எல்லோர் கண்ணிலும் பட்டால் யாராவது ஒருவர் எழுந்து போய் கதவைத் திறப்பார்.

இடையில் மறந்துபோனது: தண்ணீர். மாதக்கணக்கில் ஆள் இல்லாத மாடிகளில் குழாய்க்குள் தண்ணீர் அப்படியே நிற்கும், வெதுவெதுப்பாக இருந்தால் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். குழாயையோ ஷவரையோ திறக்கும்போது தெறிக்கும் நுண்துளியை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரை போகும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிடிசியே தான் வாடகைக்கு எடுத்திருந்த சில கட்டடங்களில் இது இருப்பதாகத் தெரிந்து மூடிவைத்தது, நோய்த் தடுப்பு அலுவலகத்துக்கே அந்த நிலைமை. ஆட்கள் வருவதற்கு முன் எல்லாக் குழாயையும் நன்றாக ஓடவிடுங்கள், ஹீட்டர் டாங்க் 60 டிகிரியில் இருக்கிறதா பாருங்கள், கூலிங் டவர் இருந்தால் அதைச் சுத்தம் செய்து பரிசோதிக்காமல் ஓட்டாதீர்கள். வாரத்தில் மூன்று நாள்தான் ஆள் என்றால் மீதி நாளிலும் நிற்கும், அதனால் இது ஒரு நாள் வேலை இல்லை. தானாகத் திறந்து ஓடவிடும் வால்வு வருகிறது, பெரிய கட்டடம் என்றால் யோசிக்கலாம்.

மூன்றாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு நான் எழுதியிருப்பது: சூடு பார்க்கும் கேமரா வேண்டாம், பட்டை வேண்டாம், மேஜை சென்சார் வேண்டாம், முகம் பார்க்கும் கதவுக்குப் பதிலாக இருக்கிற கார்டே ஓடட்டும். அந்தக் காசில் மாடிக்கு நான்கைந்து என்டிஐஆர் மீட்டர், மீட்டிங் ரூம்களுக்கு ஹெப்பா, இரண்டு பெரிய அறைகளில் மைக் மாற்றம். சீட் ஆப் உண்டு, ஹெச்ஆர் மேடம் சொன்ன மூன்று நிபந்தனையோடு. லேப்டாப்புக்குத் தனி நெட்வொர்க். குழாய் வேலையை நாளைக்கே தொடங்கச் சொல்லிவிட்டேன். மேலிடம் கேமராவைத்தான் விரும்பும், ஏனென்றால் அது வாசலில் நிற்கும், வருகிறவர் போகிறவர் கண்ணுக்குத் தெரியும். பார்ப்போம்.

ஒரே ஒரு சந்தேகம், மீட்டரை எங்கே மாட்டுவது? எலக்ட்ரீஷியன் ஃபால்ஸ் சீலிங்கில் ஏசி வாய்க்குப் பக்கத்தில் வயர் இருக்கிறது, அங்கேயே மாட்டிவிடலாம் என்கிறார்.

காற்றுவழி

அங்கே மாட்டினால் ஏசியிலிருந்து வரும் காற்றைத்தான் அளக்கும், ஆட்கள் மூச்சு விடும் காற்றை அளக்காது. உட்கார்ந்திருப்பவர் தலை உயரத்தில், சுவரில். ஜன்னலுக்கும் ஏசி வாய்க்கும் தள்ளி, யாருடைய முகத்துக்கும் நேர் எதிரே இல்லாமல். வயர் இழுக்க முடியாவிட்டால் பேட்டரியில் ஓடுவது வாங்கி முதலில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் இடம் முடிவு செய்யுங்கள்.

மேலிடத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றால், முழு ஆளோடு கதவு சாத்திய பெரிய மீட்டிங் ரூமில் ஒரு மணி நேர ரீடிங் எடுங்கள், அடுத்த நாள் அதே ஆட்களோடு டேம்பரைத் திறந்துவிட்டு எடுங்கள். இரண்டையும் இங்கேயும் போடுங்கள், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து.